'எல்லாம் அடக்கம்' என்ற விலைச்சீட்டு: மாலத்தீவில் நான்கு இரவுகள்

மாலத்தீவு விடுதிகளின் விலைப்பட்டியலில் 'ஆல் இன்க்ளூசிவ்' என்ற ஒரு வகை பெரும்பாலும் இடம்பெறும். தங்குமிடம், மூன்று வேளை உணவு, பானங்கள், சில கடல் விளையாட்டுகள் ஆகிய அனைத்துக்கும் ஒரே தொகையாக முன்கூட்டியே பணம் கட்டிவிட்டால், ஊர் திரும்பும் வரை பணப்பையைத் திறக்க வேண்டியதில்லை என்பதே அதன் பொருள் என்று எங்களுக்கு ஏற்பாடு செய்து கொடுத்த பயண முகவர் சொன்னார். அதை நம்பி, 2026 ஜனவரி இறுதியில், நானும் மனைவியும் பன்னிரண்டு வயது மகனும் எழுபத்திரண்டு வயதான என் தாயாரும் பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பிப் போய், தலைநகர் மாலேக்குத் தெற்கே ஒரு சிறு தீவில் நான்கு இரவுகள் தங்கி வந்தோம். பணப்பையை முதல் நாள் மாலையிலேயே திறக்க நேர்ந்தது. விடுதியின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு விடுதிக்கு உரியவை அல்ல, அந்த விலைமுறைக்கே உரியவை என்பது திரும்பி வந்து வேறு சில விலைப்பட்டியல்களோடு ஒப்பிட்டபோது தெரிந்தது.

திருநெல்வேலிக்காரர்களுக்கு மாலத்தீவு தொலைவான தேசம் அன்று. பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரத்துக்குக் காரில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். அங்கிருந்து மாலேக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். இரவு ரயிலில் ஏறிச் சென்னைக்குப் போய்ச் சேர ஆகும் நேரத்தைவிட இது குறைவு. தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலேக்குத் தோணிகள் போவது எங்கள் பகுதியில் புதுச் செய்தி அல்ல. அங்கிருந்து வரும் மாசிக் கருவாட்டைக் காயல்பட்டினத்து அடுக்களைகள் தலைமுறைகளாக அறியும். 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்' என்று முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி குறிப்பிடுவது இத்தீவுகளையே என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். இன்றைய கணக்கில் தீவுகள் ஏறத்தாழ 1,190 தான். மெய்க்கீர்த்தி எழுதியவருக்கும் விடுதி விளம்பரம் எழுதுபவருக்கும் எண்ணிக்கையில் ஒரே தாராளம்.

நுழைவு எளிது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் முன்கூட்டியே விசா வாங்க வேண்டியதில்லை; நுழைவு அனுமதியை மாலே விமான நிலையத்திலேயே கட்டணமின்றித் தருகிறார்கள். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' என்னும் அரசு இணையதளத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும்; அதற்கும் கட்டணம் கிடையாது. வந்திறங்கும் பெட்டிகளை ஊடுகதிரில் பார்க்கிறார்கள். மதுவும் பன்றி இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது என்பது பலருக்கும் தெரியும்; வழிபாட்டுக்குரிய சிலைகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களில் சேரும் என்பதை நம்மவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எங்கு போனாலும் கைப்பையில் ஒரு விரற்கடைப் பிள்ளையாரை வைத்திருப்பது அம்மாவின் வழக்கம். அவரைப் பூஜை அலமாரியில் விட்டுவிட்டு, திருச்செந்தூர்ப் பன்னீர் இலை விபூதியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு வரும்படி அம்மாவைச் சம்மதிக்க வைக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

விமான நிலையமே ஒரு தனித் தீவு. வாசலைத் தாண்டினால் படகுத்துறை. தொலைவிலுள்ள தீவுகளுக்குக் கடல் விமானத்தில் போகலாம், ஆனால் அவை பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலையில் இறங்குபவர்கள் மாலேயில் ஓர் இரவு தங்கிப் போக நேரும். அம்மாவை எண்ணி, விரைவுப் படகில் முக்கால் மணி நேரத்தில் போகக்கூடிய தீவையே தேர்ந்தெடுத்திருந்தோம். அந்த முடிவு சரி என்பதில் எனக்கு இப்போதும் ஐயமில்லை, கடைசிக் கால் மணி நேரம் அம்மா கண்களை மூடிக்கொண்டு கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டு வந்தார் என்றாலும்.

ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பது மாலத்தீவின் சுற்றுலா முறை. 1972-இல் முதல் விடுதி திறக்கப்பட்ட காலம் தொட்டு வளர்ந்த முறை இது. தீவில் வேறு ஊர் இல்லை, கடை இல்லை, தெரு இல்லை. எங்கள் தீவைக் கரையோரமாக ஒரு சுற்று நடக்க, நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளைச் சுற்றி வரும் நேரம்கூட ஆகவில்லை. நடுவில் பணியாளர் குடியிருப்பும் ஒரு சிறு பள்ளிவாசலும், அவற்றைச் சுற்றித் தாழையும் தென்னையும், அதற்கப்பால் விருந்தினர் குடில்களும், பிறகு மணலும் கடலும். கடல்மேல் மரக்கால்களில் நிற்கும் குடில்களைத்தான் விளம்பரங்களில் அதிகம் காட்டுகிறார்கள்; நாங்கள் எடுத்தவை கரையிலுள்ள அடுத்தடுத்த இரண்டு குடில்கள். முதியவர்களோடும் குழந்தைகளோடும் போகிறவர்களுக்குக் கரைக்குடிலே ஏற்றது. கதவைத் திறந்தால் மணலில் கால் வைக்கலாம், சாப்பாட்டுக் கூடத்துக்கு நீண்ட மரப்பாலத்தில் நடக்க வேண்டியதில்லை.

குடில் சுத்தமாக இருந்தது. படுக்கை, குளிர்சாதனம் எதிலும் குறையில்லை. அவற்றைவிடக் குளியலறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுற்றிலும் உயரமான சுவர், மேலே கூரை இல்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு குளிக்கலாம் என்று அறையைக் காட்டிய இளைஞர் பெருமையோடு சொன்னார். அம்மா கூச்சப்படுவார் என்று நினைத்தேன். அவரோ சுற்றிப் பார்த்துவிட்டு, "நம்ம பழைய வீட்டுப் பொறவாசல்ல இப்படித்தானே குளிச்சோம், இதுக்கா இம்புட்டுத் துட்டு?" என்றார். நான்கு நாளில் அவர் முழு மனதோடு பயன்படுத்திய வசதி அந்தக் குளியலறைதான்.

அவருடைய இன்னொரு கேள்விக்கு நான் சரியாக விடை சொல்ல வேண்டியிருந்தது: "இத்தனை பேரு இருக்காவ, ஒரு கெணறு கண்ணுல படலியே?" பவளத் தீவுகளில் ஆறு, ஓடை எதுவும் இல்லை. மழைநீர் மணலில் இறங்கி, உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய படலமாக மிதந்து நிற்கும். பழைய தீவுக் கிணறுகள் எல்லாம் அந்தப் படலத்தைத்தான் இறைத்தன. அளவுக்கு மீறி இறைத்தால் கீழேயுள்ள உப்புநீர் மேலேறிவிடும் என்பதால், விடுதிகள் கடல்நீரைச் சவ்வு வழியாக அழுத்திக் குடிநீராக்குகின்றன. அதைக் கண்ணாடிக் குப்பிகளில் நிரப்பி ஒவ்வொரு காலையிலும் வாசலில் வைத்தார்கள். தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்த நாக்குக்கு அதில் ஒரு ருசியும் இல்லை. அதைக் குறையாகச் சொல்வது நியாயமும் இல்லை.

இப்போது விலைக்கு வருகிறேன். வந்திறங்கியதும் நால்வர் கையிலும் ஒரு நிறப்பட்டையைக் கட்டினார்கள்; அதைக் காட்டினால் எல்லாம் கிடைக்கும் என்றார்கள். முதல் நாள் மாலை, மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அம்மா இளநீர் கேட்டார். நாங்கள் உட்கார்ந்திருந்ததே ஒரு தென்னையின் நிழல். பணியாள் சீவிய இளநீரை மலர் வைத்து அழகாகக் கொண்டுவந்து, கூடவே கையெழுத்துக்கு ஒரு சீட்டும் நீட்டினார். இளநீர் 'அடக்கம்' இல்லை. விலை 10 டாலர். அதன்மேல் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், அந்த 11 டாலர்மேல் சுற்றுலாவுக்கான பதினேழு விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி, ஆக மொத்தம் 12 டாலர் 87 சென்ட். நம் கணக்கில் ஆயிரத்து நூற்று ஐம்பது ரூபாய்க்கு மேல். மாலத்தீவு விடுதிகளின் விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், இந்த இரண்டும் இனிமேல்தான் சேரப்போகின்றன என்று பொருள். அதுவரை அக்குறிகளை அச்சுப்பிழை என்றே எண்ணியிருந்தேன். நான் ரூபாயில் தொகையைச் சொன்னதும் அம்மா அந்த இளநீரை மகனிடம் கொடுத்துவிட்டார். அதன்பின் அந்தத் தீவில் அவர் இளநீர் கேட்கவேயில்லை.

பிழிந்த பழச்சாறு அடக்கம் இல்லை, புட்டியிலிருந்து ஊற்றுவது அடக்கம். இயந்திரக் காப்பி அடக்கம், தனிக்கடையில் போட்டுத் தருவது அடக்கம் இல்லை. கயாக் துடுப்புப் படகு அடக்கம், மோட்டார் உள்ள எதுவும் அடக்கம் இல்லை. இவை அனைத்தும் விடுதியின் இணையப்பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன என்பதால் விடுதியை நான் குறை சொல்ல முடியாது. பயண முகவர்தான் அவற்றை ஒரு வரியாகச் சுருக்கிவிட்டார். சுருக்கியதில் பசுமை வரி என்ற ஒன்றே விட்டுப்போயிற்று. 2025 ஜனவரி முதல் விடுதித் தீவுகளில் அது ஒருவருக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். நால்வருக்கு நான்கு இரவுக்கு 192 டாலரைக் கிளம்பும் நாளில் கட்டினோம். வரியைக் கட்டுவதில் வருத்தமில்லை. அதைச் சொல்லாமல் விட்டவரிடம் ஊர் திரும்பியதும் கேட்டேன். "அதெல்லாம் சின்னத் தொகைதானே அண்ணாச்சி" என்றார். பதினேழாயிரம் ரூபாய்.

ஆனால் உண்மையான செலவு வேறோர் இடத்தில் மறைந்திருந்தது. அதே விடுதியில், அதே குடிலுக்கு, பானங்கள் இல்லாமல் மூன்று வேளை உணவு மட்டும் உள்ள 'புல் போர்டு' என்ற விலையும் இருந்தது. இரண்டுக்கும் இடையே ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கு 60 டாலர் வேறுபாடு. எங்கள் மூவருக்கும் நான்கு நாளைக்கு 720 டாலர். அந்தத் தொகையின் பொருள் மதுக்கூடத்துக்குப் போனால் விளங்கும். மாலத்தீவில் மக்கள் வாழும் தீவுகளில் மது விற்பதில்லை. உரிமம் பெற்ற விடுதித் தீவுகளில் வெளிநாட்டு விருந்தினர்களுக்கு மட்டும் வழங்குகிறார்கள். இறக்குமதிச் சரக்கு, விலை அதிகம். காலை பத்து மணிக்குத் தொடங்கி நள்ளிரவு வரை குடிக்கக்கூடியவர்களுக்கு இந்த 'எல்லாம் அடக்கம்' மிகவும் மலிவு. எங்கள் வீட்டில் மூவரும் குடிப்பவர்கள் அல்லர். நான்கு நாளில் நாங்கள் பருகியவை எலுமிச்சை சோடா, தேநீர், காப்பி. தனித்தனியே காசு கொடுத்திருந்தால் அதில் கால் பங்குகூட ஆகியிருக்காது. மற்ற மேசைகளில் இருந்தவர்களின் குடிச்செலவில் ஒரு பகுதியை நாங்கள் கட்டினோம் என்பதே நேர்மையான கணக்கு.

உணவும் அதே வகை. மாலைதோறும் மீனும் இறாலும் ஆட்டிறைச்சியும் சுட்டு அடுக்கிய நீண்ட மேசை, அம்மா சைவம். அவருக்கு ரொட்டி, பழம், தயிர், இனிப்பான ஒரு சாம்பார். முதல் நாள் இரவு பாசுமதிச் சோற்றில் தயிரைப் பிசைந்துகொண்டிருந்தபோது, வெள்ளைத் தொப்பி அணிந்த ஓர் இளைஞர் அருகில் வந்து நின்றார். "ஆச்சி, நீங்க திருநவேலியா?" என்றார். அம்மா நிமிர்ந்து பார்த்து, "நீ எந்த ஊர்ப் பிள்ளைய்யா?" என்றார். அம்பாசமுத்திரத்துப் பக்கம். அதன்பின் அவர்கள் பேசிய பேச்சில் கல்லிடைக்குறிச்சி அப்பளம் வரை வந்துவிட்டது.

மூன்றாம் நாள் மதியம் அவர் ஒரு மூடிய கிண்ணத்தைத் தாமே கொண்டுவந்து வைத்தார். திறந்தால் சொதி. எங்கள் ஊரில் கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு வைக்கும் அதே சொதி: மூன்றாம் பாலில் காய்களை வேகவைத்து, இரண்டாம் பாலும் பாசிப்பருப்பும் சேர்த்து, இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்து விட்டு, முதல் பாலை ஊற்றியதும் கொதிக்கவிடாமல் இறக்கி, எலுமிச்சை பிழிந்தது. தேங்காய்க்குப் பஞ்சமில்லாத தீவில் பால் கெட்டியாக, வெண்ணெய் போல நின்றது. "முருங்கைக்காய் மட்டும் இந்த வாரப் படகுல வரலை ஆச்சி" என்று அவர் தயங்கிச் சொன்னார். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் இருந்தது. இது எந்தப் பட்டியலிலும் இல்லை; இதற்குச் சீட்டும் வரவில்லை. அந்த இளைஞர் தம் ஓய்வு நேரத்தில் பணியாளர் சமையற்கட்டில் செய்தார் என்பதைப் பிறகுதான் அறிந்தோம். ஆகவே இதை விடுதிக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் சேர்க்க முடியவில்லை.

மீன் உண்பவர்களுக்கு ஒரு பரிந்துரை. காலை உணவில் ஓரமாக, யாரும் அதிகம் தொடாமல், 'மஸ் ஹுனி' என்றொரு கிண்ணம் இருக்கும். உதிர்த்த சூரை மீன், துருவிய தேங்காய், பொடியாக நறுக்கிய வெங்காயம், மிளகாய், எலுமிச்சை ஆகியவற்றைக் கையால் பிசைந்தது. 'ரோஷி' என்ற மெல்லிய ரொட்டியோடு உண்பது. மாசிச் சம்பல் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு முதல் கவளத்திலேயே உறவு புரிந்துவிடும். மாசி என்பது இதே சூரையை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் கட்டை போலக் காயவைத்ததுதான். நான் நான்கு காலையும் அதையே சாப்பிட்டேன். ஐரோப்பியப் பாணி உணவுகள் நன்றாகவே இருந்தன. ஆனால் இரண்டாம் நாளுக்குப் பிறகு மேசையின் நீளம் பசியைக் கூட்டவில்லை, குறைத்தது.

கொடுத்த பணத்துக்கு முழு மதிப்பும் கிடைத்த இடம் கடல்தான். தீவைச் சுற்றிலும் மார்பளவு ஆழத்தில் அசையாத வெளிர்நீல நீர். அதன் விளிம்பில், கரையிலிருந்து ஏறக்குறைய நூறு மீட்டரில், பவளப் பாறைத்திட்டு. அதற்கப்பால் திடீரென்று இறங்கும் கருநீல ஆழம். முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் கால்துடுப்பும் விலையில் அடக்கம். குறுக்குத்துறையில் ஆற்றில் குதித்து நீந்தப் பழகியவன் நான். இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று இறங்கினேன். ஆற்று நீச்சல்காரனுக்கு மூச்சு வேண்டுமென்றால் தலை தானாக மேலே வரும். தலையை நீரில் ஆழ்த்தியபடியே வாயால் மூச்சிழுக்க உடம்பு ஒப்பவில்லை. இரண்டு முறை உப்புநீரைக் குடித்துவிட்டு நான் இருமிக்கொண்டிருக்க, ஆறே பார்க்காமல் நீச்சல்குளத்தில் பழகிய மகன் ஐந்து நிமிடத்தில் மிதந்துகொண்டிருந்தான்.

பழகியபின் முதலில் வியப்பூட்டியது காட்சி அன்று, ஓசை. நீருக்குள் எங்கும் மொறுமொறுவென்று கற்கண்டு கடிப்பது போன்ற சத்தம். கிளியின் மூக்குப் போன்ற வாயுடைய பச்சையும் நீலமுமான மீன்கள் கூட்டமாகப் பவளப் பாறையைக் கடித்துச் சுரண்டுகின்றன. பாசியை உண்டுவிட்டு, அரைபட்ட பாறையை வெண்மணலாகக் கழிக்கின்றன. ஒன்று என் கண்முன்னே நின்று, வால்பக்கத்திலிருந்து ஒரு பிடி மாவைத் தூவிவிட்டது போல மணலை விட்டுச் சென்றது. விளம்பரப் படங்களில் நாம் பார்க்கும் பால்வெள்ளைக் கடற்கரையில் பெரும்பங்கு இப்படி உண்டானது. மகன் இதை அம்மாவிடம் சொன்ன பிறகு அவர் மணலில் கைவைத்து உட்காருவதை நிறுத்திவிட்டார். கரையோரத்தில் முழ நீளச் சுறாக்குட்டிகள் கருநுனித் துடுப்போடு திரிந்தன. மனிதரைக் கண்டால் விலகிப் போய்விடும். திருக்கைகள் மாலையில் வந்தன. மூன்றாம் நாள் ஆமை ஒன்றும் தென்பட்டது.

ஆயினும் பவளத்தின் நிலையை மறைத்து எழுதக் கூடாது. 1998-இலும் 2016-இலும் கடல் வெப்பம் ஏறியபோது மாலத்தீவின் பவளங்கள் பெருமளவில் வெளுத்து மடிந்தன. எங்கள் தீவின் ஆழமற்ற பகுதியில் பெரும்பாலும் சாம்பல் நிறச் சிதைவுகளே கிடந்தன. உயிருள்ள நிறங்களைக் காண விளிம்பு வரை போக வேண்டும். அங்கே நீரோட்டம் உண்டு என்பதால் மிதவைச் சட்டை இல்லாமலும் துணையில்லாமலும் போகக் கூடாது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே, 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில், நமக்கும் இந்தப் பவளம் உண்டு. சுண்ணாம்புக்காக அதை வெட்டி எடுத்தே சில தீவுகளைக் கடலுக்குக் கொடுத்தோம். அந்தக் கரைக்கு அருகில் வளர்ந்த நான் உயிருள்ள பவளத்தை முதன்முதலாகப் பார்க்க விமானம் ஏற வேண்டியிருந்தது என்பது சற்று உறுத்தியது.

தனிமையைப் பற்றி நிறையச் சொல்வார்கள். எங்களுக்கு முதல் நாள் அது பிடிபடவில்லை. வண்டிச் சத்தம் இல்லாத இரவில் மனைவிக்குத் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாளுக்குள் பழகிவிட்டது. ஏழு இரவு என்றால் எங்களைப் போன்றவர்களுக்கு அலுத்துப்போகும்; நான்கு போதும். பணியாளர்கள் அனைவரும் மரியாதையாக நடந்தார்கள்; குடிலைச் சுத்தம் செய்த வங்கதேசத்து முதியவர் அம்மாவுக்காகக் குளியலறையில் ஒரு முக்காலியைத் தாமாகவே கொண்டுவந்து போட்டிருந்தார். காலம்பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. மாலே நேரம் நம் நேரத்துக்கு அரை மணி பின்னே. விருந்தினர்கள் மாலை வெயிலை நீளமாக அனுபவிக்க வேண்டும் என்று எங்கள் தீவு மாலேயைவிட ஒரு மணி முன்னே கடிகாரத்தை வைத்திருந்தது. மகனின் கைப்பேசி ஒன்று காட்ட, சுவர்க் கடிகாரம் வேறொன்று காட்ட, திரும்பும் நாளில் படகுத்துறைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ப் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தோம்.

மறுபடியும் போவேனா என்றால், போவேன்; வடகிழக்குப் பருவக்காற்று வீசும் ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில், புல் போர்டு விலையில், பவளத்திட்டு கரைக்கு அருகில் உள்ள தீவாகப் பார்த்து. குடிப்பழக்கம் இல்லாத குடும்பம் 'எல்லாம் அடக்கம்' என்பதற்குக் கையெழுத்திட வேண்டாம். படகுக் கட்டணமும் பசுமை வரியும் தொகையில் சேர்ந்திருக்கின்றனவா என்பதை முகவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளவும்.

திருவனந்தபுரத்திலிருந்து திரும்பும் வழியில், ஆரல்வாய்மொழி தாண்டியதும் அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னார். சாலையோரத்தில் குலைகளைச் சாய்த்து வைத்திருந்தவரிடம் விலை கேட்டார். ஒன்று ஐம்பது என்றார் அவர். அம்மா நின்றபடியே இரண்டு குடித்துவிட்டு, கையில் இன்னும் கட்டியிருந்த விடுதிப் பட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "வழுக்கையா இருந்தா வெட்டிக் குடு ராசா" என்று ஒரு மட்டையை அவரிடம் நீட்டினார்.